கொடுத்தவரே போய்ப் பார்க்க வேண்டும்

"மாமா, நாளைக்கு மேடைக்கு முதல்ல வரப்போறது உங்க தங்கச்சி."

சனிக்கிழமை சாயங்காலம் மருமகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம், ஞாயிற்றுக்கிழமை காலை வரை பெரியவரின் காதை விட்டு இறங்கவில்லை. முகம் மழிக்கும்போதும் அது கூடவே இருந்தது. கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. படிகாரத்தை எடுத்து அழுத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்.

தங்கை என்ற சொல்லை அந்த வீட்டில் யாராவது சொல்லியே பல வருடங்கள் ஆகிவிட்டன.

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. சங்கத்து இளவட்டங்கள் தனக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். நிமிர்ந்து நிற்பதற்காக வைத்த பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டார். எல்லாரையும் அளந்துகொண்டே இருப்பதற்காக வைத்தது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெரிய தெரு முனையில் இருக்கும் மருந்துக்கடை அவருடைய அப்பா தொடங்கியது. இப்போது அதில் மகன் உட்காருகிறான். ஊரின் முதல் சேவைச் சங்கம் அந்தக் கடை மாடியில்தான் பிறந்தது. பிறப்பித்தவரும், இன்றுவரை தலைவரும் பெரியவர்தான். நீலக் கோட்டுக்காரர்கள் என்றால் ஊருக்கே தெரியும்.

பிறகு போட்டிச் சங்கமாகப் பச்சைக் கோட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். காலம் செய்த வேடிக்கை, அந்த கான்ட்ராக்டரின் மகளே பெரியவர் வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள். கல்யாணத்தன்று சம்பந்திகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே சங்க மேடையில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

மருமகள் சும்மா இருக்கிறவள் இல்லை. பெண்கள் சங்கத்தில் சேர்ந்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தாள். ஒரு வீட்டில் மூன்று சக்கர நாற்காலிகள் இருந்தன. சங்கத்துக்கு ஒன்று. ஒன்றில் நோயாளி உட்கார்ந்திருந்தார். ஒன்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு மனிதர் பலகைக்கடியில் சக்கரம் வைத்து, கையால் தரையைத் தள்ளித் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தார். அவரிடம் எந்தச் சங்கமும் போகவில்லை.

"மூணு சங்கமும் சேர்ந்து ஒரே இடத்துல எல்லாத்தையும் வைங்க. தேவைப்பட்டவங்க வாங்கிட்டுப் போகட்டும், குணமானதும் திருப்பித் தரட்டும்" என்றாள். கட்டில், சக்கர நாற்காலி, மூச்சு இயந்திரம், படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை. ஊருக்கு ஒரு பொதுக் கிடங்கு.

யாராலும் மறுக்க முடியாத யோசனை. அதனால் மற்ற எல்லாவற்றிலும் சண்டை போட்டார்கள். பேனரில் நீலம் மேலேயா, பச்சை மேலேயா. விளக்கு யார் ஏற்றுவது. முதல் பொருளை யார் கையால் கொடுப்பது. திறப்பு விழா இரண்டு முறை தள்ளிப்போனது. வாங்கிய பொருள்களெல்லாம் பெரியவர் வீட்டு முன்னறையில் நாடா கட்டி நின்றன. காலையில் செருப்பைத் தேடுகிறவர்கள் சக்கர நாற்காலியில் இடித்துக்கொண்டார்கள்.

இதில் பெரியவர் வைத்த விதிகள் இரண்டு. ஒன்று பழைய விதி. மேடையில், படம் எடுத்த பிறகுதான் எந்தப் பொருளும் கைமாற வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்பார். இன்னொன்று, கான்ட்ராக்டரைக் குத்துவதற்காகவே கொண்டுவந்த புது விதி. யார் கையால் கொடுக்கிறாரோ அவரே, பொருள் திரும்பி வரும்வரை, வாரம் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

"கொடுத்துட்டுக் கைகழுவுற பழக்கம் எங்க சங்கத்துல கிடையாது சம்பந்தி" என்று கூட்டத்தில் சொன்னார். பச்சைக் கோட்டுக்காரர்கள் ஒரு தடவை பேட்டரி இல்லாமல் காது கருவி கொடுத்ததை எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டர் சிரித்தபடி கையைத் தூக்கினார். விதி நிறைவேறியது.

கடைசியில் முதல் பொருளைக் கொடுக்கும் உரிமையையும் பெரியவர் சண்டை போட்டு வாங்கினார். மூத்த சங்கம், மூத்த மனிதர். விட்டுக்கொடுக்க முடியாது என்றார்.

அந்த முதல் பொருள் காற்று மெத்தை. அதை வாங்கப்போகிறவள், இந்த வீட்டு வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டு வெளியேறிய தங்கை.

---

டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. விழாவுக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, ரப்பர் நாற்றத்துக்கு நடுவே பெரியவர் நடந்தார். சலவைச் சட்டை எங்கேயும் உரசிவிடாமல் கைகளை ஒடுக்கிக்கொண்டார்.

டயர்க்காரன் தலையைத் தூக்கினான். "யாரு வேணும் பெரியவரே?"

பெரியவர் ஒரு நொடி தடுமாறினார். "பின்னாடி வீட்டுக்கு. சங்கத்துலேர்ந்து வந்திருக்கேன்."

கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருந்தவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் படியேறும் முன்பே, "வாங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

தலை முழுக்க நரைத்திருந்தது. அவரைவிடச் சின்னவள்தான். இருந்தும் அவள் முகத்தில் அப்பாவின் முகம் கிழடுதட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பெரியவர் பார்வையைச் சுவருக்கு மாற்றினார்.

கட்டிலில் வேன் டிரைவர் படுத்திருந்தார். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து முதுகெலும்பு போனவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வேறு ஊரில் காலம் தள்ளியவர்கள், அதற்குப் பிறகுதான் இங்கே திரும்பி வந்தார்கள்.

"வாங்க முதலாளி" என்றார் டிரைவர். "எழுந்து நிக்கணும். முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

அது மரியாதையா, குத்தலா என்று பெரியவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. குத்தலாக இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

டிரைவரின் குதிகால்களுக்குக் கீழே இரண்டு ரப்பர் கையுறைகள் இருந்தன. தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டவை. குதிகால் கட்டிலில் அழுந்தாமல் இருக்க அப்படி வைப்பது பெரியவரின் அப்பா வழக்கம். மெத்தை வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கடையில் நின்றபடி செய்து காட்டுவார். அப்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். அண்ணனுக்கு அதெல்லாம் பொறுமை கிடையாது.

"முதுகைக் காட்டட்டுமா?" என்றாள் தங்கை.

"வேண்டாம்."

"பாருங்க. நீங்க மருந்துக்கடைக்காரர்தானே."

கணவரை ஒருக்களித்துப் புரட்டி, துணியை விலக்கினாள். பெரியவர் பார்த்தார். அதற்கு மேல் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இடுப்பெலும்பின் மேல் தோல் போய், சதை தெரிந்தது. நன்றாகத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். ஆனாலும் புண் ஆழம். இன்னும் கொஞ்சம் போனால் எலும்பு.

"ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடறேன்" என்றாள். "ராத்திரியும்தான். எனக்கும் வயசாகுது. சில நேரம் அசந்துடறேன். அந்த மெத்தை இருந்தா அதுவே காத்து ஏத்தி இறக்கிக்கும், ஒரே இடம் அழுந்தாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. உங்க மருமகதானாமே. நல்ல பொண்ணு. முதல்ல எனக்குத் தெரியாது. போன வாரம்தான் எந்த மருந்துக்கடை வீடுன்னு கேட்டேன்."

பெரியவர் கட்டிலருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ மேடைக்கு வர வேண்டாம். நான் புதுசா ஒண்ணு வரவழைச்சுத் தர்றேன். நேரா இங்கேயே வந்துடும்."

"எப்ப வரும்?"

"மூணு நாலு நாள்ல."

"இந்தப் புண்ணு மூணு நாலு நாள் பொறுக்குமா?"

பதில் அவருக்கும் தெரியும்.

"ஒரு மெத்தை உங்க வீட்டு முன்னறையில நிக்குதாமே. ரெண்டு வாரமா."

"அது சங்கத்துது. மேடையில கொடுக்காம வெளிய போகக்கூடாது. விதி."

"அப்ப மேடைக்கு வர்றேன்."

"புரிஞ்சுக்கோ. அங்க ஊரே உட்கார்ந்திருக்கும். சம்பந்தி இருப்பாரு. எங்க அப்பா பேரு போட்ட கடை அது. அந்தக் குடும்பத்துப் பொண்ணு மேடையேறிக் கை நீட்டினா…"

"எங்க அப்பான்னு சொல்றீங்க" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "உங்க அப்பாதான். எனக்கென்ன."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவதாகக் காட்டிக்கொள்வது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நாகரிகம்.

பெரியவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் அப்படி இல்லை. ஒரு பெயரைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அப்பா கையில் கொடுத்த பெயர். அதில் ஒரு தூசி விழாமல் பார்த்துக்கொண்டார். அதற்காகச் சில கதவுகளைச் சாத்தினார். சாத்திய கதவைத் திறப்பது எப்படி என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சரி. இப்ப இந்த மெத்தைய வாங்கிக்கோ. அடுத்ததெல்லாம் என் பொறுப்பு. எது வேணும்னாலும் என்கிட்ட கேளு. சங்கத்துக்கிட்ட போகாத."

"உங்ககிட்டயா?" தங்கை சிரித்தாள். சிரிப்பில் விஷம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "சங்கம் கொடுத்தா, ஊர்ல கஷ்டப்படுறவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்கும் கொடுக்குது. வாங்கிக்கலாம். தலை குனிய வேண்டியதில்லை. நீங்க கொடுத்தா பிச்சை. வேணாம்."

அவருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். எழும்போதுதான் ஜன்னல் விளிம்பில் அந்தக் காகித உறையைப் பார்த்தார். அப்பாவின் பெயர் அச்சடித்த, தன் கடையின் உறை. அதிலிருந்து மாத்திரை அட்டைகள் எட்டிப்பார்த்தன. உறை பழையது, மடிப்பில் கிழிந்து நார் நாராகியிருந்தது. நேற்று முந்தாநாள் வந்ததில்லை.

மருமகள்தான், என்று நினைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல், என் கடையிலிருந்து.

வாசல்வரை போனவர் திரும்பினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். மேடையில உறவு சொல்லிடாத."

தங்கை கணவரின் முதுகுத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது மட்டும் போதுமா?"

"போதும்."

"சரி" என்றாள்.

---

நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் நீலக் கோட்டுகள், வலப்பக்கம் பச்சைக் கோட்டுகள், நடுவில் பெண்கள் சங்கம். சண்டை போட்டுச் சண்டை போட்டு பேனரில் இரண்டு நிறமும் சரிபாதியாக வந்திருந்தன. அதில் நீலப் பாதி ஒரு விரல் அகலம் கூடுதல் என்று பச்சைக் கோட்டுக்காரர் ஒருவர் அளந்து பார்த்துவிட்டுப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக் கான்ட்ராக்டர் கையில். முதல் பொருளைப் பெரியவருக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அவர் வாங்கிக்கொண்டது அதுதான். குண்டு உடம்பு, சிரித்த முகம். கான்கிரீட் கலவைக்குக் கொடுக்கும் உத்தரவு போலவே பேச்சும் உரக்க இருக்கும்.

"சம்பந்தி, கன்னத்துல என்ன காயம்? வீட்டுல சண்டையா?" என்று மைக்கை மூடாமலே கேட்டார். மண்டபம் சிரித்தது.

"ஷேவ் பண்ணினது" என்றார் பெரியவர்.

"கவலைப்படாதீங்க, படத்துல தெரியாது. நம்ம போட்டோக்காரர் என்னையே மூணு சுத்து இளைக்க வச்சுடுவாரு."

மருமகள் மேடையோரம் நின்று ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். தன் முறை வந்ததும் பெரியவரைப் பார்த்தாள். இப்போதும் தாமதமில்லை, அப்பாவிடம் சொல்லி வேறு ஒருவரை முதலில் அனுப்பட்டுமா என்று கேட்டது அந்தப் பார்வை. வரிசையை மாற்றக் கேட்டால், ஈடாக முதல் பொருளைக் கொடுக்கும் உரிமையைக் கான்ட்ராக்டர் கேட்பார். பெரியவர் தாடையை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாம்.

தங்கை படியேறி வந்தாள். சலவை செய்த உடை, இறுக்கி முடிந்த முடி. தலை குனியாமல் நேராக நடந்தாள். அந்த நடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று முன்வரிசைக்காரர்கள் யாராவது யோசித்திருக்கலாம். அதே நடைதான் மேடையில் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

மெத்தை சுருட்டி, மோட்டார்ப் பெட்டியோடு நாடா கட்டியிருந்தது. பெரியவர் ஒரு பக்கம் பிடித்தார். தங்கை மறுபக்கம் பிடித்தாள்.

"விடாதீங்க, விடாதீங்க" என்றார் போட்டோக்காரர். "ரெண்டு பேரும் பிடிச்சிருக்கணும். அம்மா, இங்க பாருங்க. சார், கொஞ்சம் சிரிங்க."

ஒளி மின்னியது.

"இன்னொண்ணு."

பெட்டிக்கு அடியில் அவள் விரல்கள் அவர் விரல்களின் மேல் படிந்திருந்தன. புண் கழுவும் மருந்தின் வாசனை. கடையில் வளர்ந்தவர்கள் இருவருக்கும் அது பழகிய வாசனை. பெரியவர் கையை நகர்த்தப் பார்த்தார். நகர்த்தினால் பெட்டி விழும்.

கான்ட்ராக்டர் மைக்கோடு அருகில் வந்தார்.

"அம்மா, நம்ம தலைவர் கடை வீட்டோட உங்களுக்கு அந்தக் காலத்துலேர்ந்தே தொடர்பு உண்டுன்னு கேள்விப்பட்டேன். நிஜமா? தலைவரைத் தெரியுமா உங்களுக்கு?"

மருமகளின் முகம் வெளுத்தது. பெரியவர் பெட்டியை இறுகப் பிடித்தார்.

தங்கை மைக்கைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"மருந்துக்கடைக்காரர்னு தெரியும்" என்றாள். "ஊருக்கு நிறைய நல்லது செய்றவர்னு சொல்வாங்க."

"அவ்வளவுதானா? உறவு ஏதோன்னு சொன்னாங்களே."

"இல்லீங்க." மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. "எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. யாராவது இருந்திருந்தா, நான் ஏன் இங்க வந்து நிக்கப்போறேன்?"

கான்ட்ராக்டரின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. ஆனால் மேடைப் பழக்கம் உள்ள மனிதர். உடனே சமாளித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா. உறவு இருந்தா செய்றது கடமை. உறவே இல்லாதவங்களுக்குச் செய்றதுதான் சேவை. அந்தச் சேவைக்கு உதாரணம் நம்ம தலைவர்."

நீலமும் பச்சையும் சேர்ந்து கைதட்டின. இரண்டு சங்கங்களும் ஒருவருக்காக ஒன்றாகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சூப்பர். இப்படியே இருங்க, கடைசியா ஒண்ணு" என்றார் போட்டோக்காரர்.

காலையில் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. மானத்தில் தூசி படவில்லை. பெரியவர் படத்துக்காகச் சிரித்தார்.

---

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மண்டபத்தின் பக்கவாசலில் பெண்கள் சங்கத்தின் வேன் நின்றது. மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மருமகளைத் தூணோரம் அழைத்தார்.

"உங்க அப்பாவுக்கு யார் சொன்னது?"

"நான் சொல்லல மாமா."

"பின்னே காத்து வந்து சொல்லுச்சா?"

"சத்தியமா சொல்றேன். உங்களைத் தவிர ஒரு ஆள்கிட்ட நான் வாய் திறக்கல. அப்பா கேட்டதும் எனக்கே உயிர் போச்சு."

"உயிர் போறவ செய்ற காரியமா இது? என் கடையிலேர்ந்து மருந்து எடுத்துட்டுப் போய் அங்க கொடுத்திருக்க. அந்த உறையை நான் கண்ணால பார்த்தேன்."

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனப்பவே அந்த உறை ஜன்னல்ல இருந்துச்சு மாமா. பழசு. நானும் யோசிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைச் சாவி ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?"

இன்னொரு சாவி மகனிடம். விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, கடையில் ஆள் இல்லை அப்பா என்று மகன் காலையில் கண்ணைப் பார்க்காமல் சொன்னது நினைவுக்கு வந்தது.

அதற்குள் கான்ட்ராக்டர் வந்துவிட்டார். மேடையில் பார்த்த சிரிப்பு முகத்தில் இல்லை. சம்பந்தியின் தோளில் கை வைத்தார்.

"சம்பந்தி, நான் விளையாட்டா கேட்டது. ஏதாவது தப்பா இருந்தா மறந்துடுங்க." குரலைத் தாழ்த்தினார். "புதன்கிழமை முதல் விசிட். விதிப்படி நீங்க போகணும். வேணாம். டயர் கடைச் சந்து, குண்டும் குழியும். உங்களுக்கு வயசாச்சு. நான் போறேன். இல்ல, நம்ம பசங்க யாரையாவது அனுப்பறேன். விதியைக் கொஞ்சம் வளைச்சுக்கலாம்."

ஒரு வார்த்தை போதும். சரி என்று சொன்னால் போதும். அந்த ஒற்றை அறையின் வாசலை அவர் இனி மிதிக்க வேண்டியதில்லை. மெத்தை திரும்பி வரும் நாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அது எப்போது திரும்பி வரும் என்பது அந்தப் புண்ணைப் பார்த்த மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாததில்லை. முதுகெலும்பு போனவர்கள் மெத்தையைத் திருப்பித் தருவதில்லை. அவர்களுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள்தான் திருப்பித் தருவார்கள்.

ஆனால் வளைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் சம்பந்தி.

"நான் வச்ச விதி" என்றார் பெரியவர். முதுகு நேரானது. "நானே போவேன்."

"உங்க இஷ்டம்" என்று கான்ட்ராக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

மருமகள் வேனை நோக்கி நடந்தாள்.

வேனின் பின்கதவு சாத்தப்பட்டது. தங்கை முன்னிருக்கையில் ஏறப்போனவள், என்ன நினைத்தாளோ, இறங்கித் திரும்பி வந்தாள். சுற்றிலும் கோட்டுக்காரர்கள் நின்றார்கள். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு, உதவி பெற்றவர்கள் நிற்கிற தூரத்தில் நின்றாள்.

"ரொம்ப உபகாரம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, "புதன்கிழமை நீங்கதான் வருவீங்களாமே."

பெரியவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"வாங்க. கதவு சாத்தியிருந்தா தட்டுங்க. யாருன்னு கேப்பேன்." அவள் குரலில் கோபம் தேடினார். இல்லை. "இன்னைக்குக் காலையில டயர்க்காரன்கிட்ட சொன்னீங்களே, சங்கத்துலேர்ந்துன்னு. அதையே சொல்லுங்க. பழக்கத்துல வேற எதுவும் சொல்லிடாதீங்க."

வேன் கிளம்பியது. பெரியவர் அசையாமல் நிமிர்ந்து நின்றார். அப்போதும் அவருடைய கைகள், பெட்டியைப் பிடித்த வாக்கிலேயே, காற்றில் நீண்டிருந்தன.